ஒரு கையும் ஒரு விதிவிலக்கும்

திருச்செங்கோட்டில் வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுத்தே என் வாழ்நாளைக் கழித்தேன். பி.காம். முடித்து, பி.எல். படித்தவன். பட்டயக் கணக்காளன் இல்லை. ஆனால் ஊர் என்னை ஆடிட்டர் என்றுதான் கூப்பிட்டது, நானும் திருத்தவில்லை. என்னிடம் வந்தவர்கள் போர்வெல் வண்டிக்காரர்கள், லாரிக்காரர்கள், விசைத்தறி வைத்திருப்பவர்கள். எல்லோருக்கும் என்னிடம் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது. அதற்கு வருடா வருடம் புதுப் பதில் கண்டுபிடிப்பது என் தொழில்.

தொண்ணூறுகளின் தொடக்கம் வரை எங்கள் பக்கத்துக் குழந்தைகள் பெரிய மனிதர்களாக இருந்தார்கள். தாத்தா கொடுத்தது, தாய்மாமன் கொடுத்தது என்று அவர்கள் பெயரில் பணம் இருக்கும். அந்தப் பணத்தைக் குழந்தை தன் அப்பனுடைய கம்பெனிக்கே கடனாகக் கொடுத்திருக்கும். தொட்டிலில் கிடந்தபடி வட்டி வாங்கும். அந்த வட்டிக்குத் தனிக் கணக்கு, வரி கிடையாது. நான்கு பிள்ளை உள்ள வீட்டில் நான்கு கணக்கு. பிறகு சட்டம் மாறியது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் வருமானத்தை அப்பனோ அம்மாவோ, யாருக்கு வருமானம் அதிகமோ, அவர்கள் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றார்கள். ஒரே மார்ச் மாதத்தில் திருச்செங்கோட்டுக் குழந்தைகள் எல்லாம் மறுபடி குழந்தைகள் ஆகிவிட்டார்கள்.

பின்னால் வந்த திருத்தத்தில் ஒரு விதிவிலக்கு வைத்தார்கள். ஊனமுற்ற குழந்தையின் வருமானத்தை மட்டும் பெற்றவர் கணக்கில் சேர்க்க வேண்டாம். அந்தக் குழந்தைக்குப் பின்னாளில் யார் இருப்பார்கள், அதன் பெயரில் நாலு காசு சேரட்டும் என்ற நல்லெண்ணத்தில் எழுதிய வரி அது. அரசு மருத்துவரின் சான்று வேண்டும், நாற்பது சதவீதமாவது ஊனம் இருக்க வேண்டும். இதை ஒரு நாள் என் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். போர்வெல் போடும் ரிக் வண்டி முதலாளி ஒருவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப இருக்கற மூனுல ஒன்னுக்குக் கையோ காலோ முறிச்சு உட்ரலாமுங்களா ஆடிட்டரே? பாதி வரி மிச்சமாகுமுங்களே."

நான் சொன்னேன்: "பாத்து முறிக்கோணுமுங்க. முப்பத்தொம்பதுல நிறுத்தீட்டீங்கன்னா ஒன்னும் கெடைக்காது."

அறையே சிரித்தது. அவர் சொன்னதைவிட நான் சொன்னதற்குத்தான் சிரிப்பு அதிகம். அந்த நகைச்சுவையைப் பல வருடம் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். எப்போதும் சிரிப்பார்கள்.

என் மகன் சைசிங் வைத்திருக்கிறான். தறிக்குப் போகும் பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றிக் காயவைக்கிற ஆலை. பாய்லர் நீராவியில் கஞ்சி கொதித்துக்கொண்டே இருக்கும். நூல் அதில் முங்கி வெளியே வரும். என் பேத்திக்கு ஐந்து வயது. பள்ளி விடுமுறை நாளில் அப்பனுக்குச் சாப்பாடு கொண்டுபோன வண்டியில் அவளும் ஏறிப் போனாள். கஞ்சிப் பெட்டியின் ஓரத்தில் நூல் ஓடுவதை எட்டிப் பார்த்தவள் வழுக்கினாள். வலது கை முழங்கைக்குக் கீழே உள்ளே போய்விட்டது. வெந்நீராக இருந்திருந்தால் வழிந்து போயிருக்கும். கஞ்சி ஒட்டிக்கொள்ளும்; ஒட்டிய இடத்திலேயே சூடு நிற்கும்.

கோயம்புத்தூரில் ஒன்றரை மாதம் வைத்திருந்தோம். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஆறிய தோல் சுருங்கி, விரல்களை உள்ளங்கைப் பக்கமாக இழுத்துக்கொண்டது. கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் ஆடும். டாக்டர் எங்கள் மூன்று பேரையும், மகன், மருமகள், என்னை, உட்காரவைத்துச் சொன்னார்.

"வளர்ற குழந்தை. எலும்பு வளரும், ஒட்டுன தோல் கூடவே வளராது. விரலை நீட்டி வைக்கிற பட்டை கொடுக்கிறேன், விடாமப் போடணும். பயிற்சி கொடுக்கணும். ஒன்பது பத்து வயசுல சுருக்கத்தை எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுவோம். கை நல்லாத் திறந்துக்கும். தள்ளிப்போட்டீங்கன்னா மூட்டு இறுகிடும், அப்புறம் நான் ஒன்னும் பண்ண முடியாது."

இதை அவர் தெளிவாகத்தான் சொன்னார். எனக்குப் புரியாமல் இல்லை. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

ஊனச் சான்று வாங்கியது என் மருமகள். பள்ளி உதவித்தொகைக்கும் பஸ் சலுகைக்கும் யாரோ சொல்லி, நாமக்கல் அரசு மருத்துவமனையில் வரிசையில் நின்று வாங்கி வந்தாள். நாற்பத்தைந்து சதவீதம், ஐந்து வருடம் கழித்து மறுபரிசோதனை. அந்த அட்டையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். நான் அட்டையை எடுத்துப் பார்த்தேன். எனக்கு அழுகை வரவில்லை. அந்த விதிவிலக்குதான் நினைவுக்கு வந்தது.

மகனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். சங்ககிரியில் நெடுஞ்சாலை ஓரம் அவனுக்கு ஒரு ஷெட் உண்டு. முன் பாதியில் லாரிப் பட்டறை, பின் பாதியில் ஒரு கம்பெனியின் குடோன். வாடகை முழுக்க அவன் கணக்கில் சேர்ந்து மேல் விகிதத்தில் வரி போய்க்கொண்டிருந்தது.

"நம்ம பாப்பா பேருக்கு எழுதுனா நம்ம கணக்குல சேராதுங்களாப்பா?"

"சேராது. சட்டமே சேர்க்க வேண்டாங்குது."

"அவளுக்கும் ஒரு பாதுகாப்புத்தானுங்களே," என்றான். அவனுக்கு அந்த வார்த்தை தேவைப்பட்டது. நானும் ஆமாம் என்றேன்.

வரி விழாத அளவுக்குள் அடங்க வேண்டும் என்பதால் முன் பாதியை மட்டும் தான செட்டில்மெண்ட்டாக எழுதினோம். பத்திரப் பதிவு அன்று பேத்திக்குப் புதுக் கவுன். குழந்தைக்காக அவள் அம்மா வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டாள். என்ன என்று அவள் கேட்டதற்கு, "உம் புள்ளைக்குச் சொத்து எழுதறோம், சந்தோசப்படு," என்றேன். அவள் சந்தோஷப்பட்டாள். என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

மருமகள் படித்தது பன்னிரண்டாவது. ஆனால் டாக்டர் சொன்னதை அவள்தான் கேட்டவள். காலையும் மாலையும் தேங்காய் எண்ணெய் தடவி விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து நீட்டுவாள். சப்பாத்தி மாவைப் பிசைந்து கையில் கொடுத்து, "அமுக்கு சாமி, யானை பண்ணு, பூனை பண்ணு," என்பாள். படுக்கும்போது பட்டையைக் கட்டிவிடுவாள். குழந்தை கத்தும். ஆரம்பத்தில் தெருவுக்கே கேட்கும். பிறகு கத்துவது குறைந்து, அதுவும் ஒரு விளையாட்டாகிவிட்டது. பத்து வயதில் சுட்டுவிரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் திறந்தன. ஒரு நாள் வலது கையால் டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடித்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள்.

"அப்பாரு, இங்க பாருங்க! கீழ உழுகவே இல்ல!"

நான் பார்த்தேன். மறுபரிசோதனைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் மருமகளிடம் சொன்னேன், பட்டை வேண்டாம், பயிற்சி வேண்டாம், பரிசோதனை முடியட்டும் என்று. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாமனாருக்கு எதிரே பேசி அவளுக்குப் பழக்கம் இல்லை.

"எதுக்குங்க மாமா?"

"சதவீதம் கொறைஞ்சா சான்று போயிரும் அம்மிணி. சான்று போச்சுன்னா அந்த வாடகை உம் புருசன் தலையில வந்து சேரும். ரெண்டு மாசந்தானே. கை எங்கயும் போயிராது."

பட்டையை நானே வாங்கிப் பரணில் வைத்தேன். இரண்டு மாதத்தில் விரல்கள் திரும்ப மடங்கிக்கொண்டன. நான் நினைத்ததைவிட வேகமாக மடங்கின. அதைப் பார்த்து எனக்கு நிம்மதி வந்தது. இதை எழுதும் கை என்னுடையதுதான். நன்றாக நீளுகிறது, மடங்குகிறது.

பரிசோதனைக்கு நானே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். நாமக்கல் போகும் வழியெல்லாம் காரில் சொல்லிக்கொடுத்தேன்.

"டாக்டர் கைய நீட்டச் சொல்லுவாரு. நீட்டாத சாமி. பேனாவக் குடுத்தா புடிக்காத."

"புடிக்க வருமுங்களே அப்பாரு. கொஞ்சூண்டு வரும்."

"வந்தாலும் புடிக்காத. வலிக்குதுன்னு சொல்லு."

"வலிக்கலீங்களே."

"வலிக்குதுன்னு சொல்லோணும். அப்பத்தான் ஊட்டுக்குப் போற வழியில ஐஸ்கிரீம்."

மருத்துவக் குழுவில் மூன்று பேர். நடுவிலிருந்த டாக்டர் நல்ல மனிதர். மேசைக்கு மேலே குனிந்து, "நீட்டு கண்ணு, எவ்வளவு முடியுதோ அவ்வளவு," என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவள் விரல்களைச் சுருட்டி இறுக்கிக்கொண்டாள். அவர் மெதுவாகப் பிரித்துப் பார்க்க முயன்றபோது, "வலிக்குதுங்க," என்றாள். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எங்கிருந்து வரவழைத்தாளோ. டாக்டர் என்னிடம், "பயிற்சியெல்லாம் கொடுக்கிறீங்களா?" என்று கேட்டார். "விடாமக் கொடுக்கறமுங்க," என்றேன்.

நாற்பத்திரண்டு சதவீதம் வந்தது. இன்னும் ஐந்து வருடம்.

ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். இடது கையால் சாப்பிட்டுக்கொண்டே, "நல்லாச் சொன்னனுங்களா அப்பாரு?" என்றாள். "பிரமாதம்," என்றேன். வீட்டிலும் எல்லோரிடமும் அவள் சாமர்த்தியத்தைப் புகழ்ந்தேன். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. யாராவது விருந்தாளி வந்தால், "வலிக்குதுன்னு எப்படிச் சொன்ன, சொல்லிக் காட்டு," என்று மகன் கேட்பான். அவள் சொல்லிக் காட்டுவாள். கண்ணில் தண்ணீரோடு.

பத்து வயதில் செய்ய வேண்டிய அறுவை சிகிச்சை அப்படியே நின்றது. நாங்கள் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. இந்த வருடம் பள்ளி மாற்றுகிறோம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றோம். அடுத்த வருடம் ஆலையில் பாய்லர் மாற்றினோம். பிறகு நோய்த்தொற்றுக் காலம் வந்து எல்லா ஊரிலும் எல்லாவற்றையும் நிறுத்தியது. அது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. மருமகள் பரணிலிருந்து பட்டையை எடுத்துப் பார்த்தாள். குழந்தையின் கை அதைவிடப் பெரிதாகிவிட்டிருந்தது.

அவள் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது சான்றின் காலம் முடிந்து புதுப்பிக்க வேண்டிவந்தது. இம்முறை நடிக்கத் தேவையே இருக்கவில்லை. குழுவினர் பார்த்த உடனே ஐம்பது என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்று இரவே மருமகள் தன் அண்ணனுக்குப் போன் போட்டாள். எங்கள் யாரையும் கேட்காமல், அண்ணனைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போய் அதே டாக்டரைப் பார்த்தாள். தாமதம்தான், ஆனாலும் இன்னும் வழி இருக்கிறது, மூன்று விரலை மீட்டுவிடலாம், உடனே செய்ய வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். பொதுத்தேர்வு முடிந்ததும் மே மாதத்தில் தேதி வாங்கி வந்துவிட்டாள். வந்து மகனிடம் சொன்னாள். அவன் சரி என்றான். உண்மையாகவே சரி என்றான். அவன் மோசமானவன் இல்லை. நான் பக்கத்தில் இல்லாதபோது நல்லவனாகவே இருந்தான்.

பிப்ரவரியில் பட்ஜெட் வந்தது. பட்ஜெட் நாளன்று நான் ஓய்வு பெற்ற பிறகும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, தொலைக்காட்சி முன் உட்காருவேன். புதிய வரி முறையில் வருமானம் ஏழு லட்சம் வரை இருந்தால் வரியே இல்லை என்றார்கள். மாதச் சம்பளக்காரர்கள் வீடுகளில் எல்லாம் அதைப் பற்றித்தான் பேச்சு. பள்ளிக் கட்டணத்துக்கும் காப்பீட்டுக்கும் இருந்த கழிவு புது முறையில் போய்விடுமே, எது லாபம் என்று எனக்கே பல பேர் போன் செய்தார்கள். நான் அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே என் மனதில் வேறொரு கணக்குப் போட்டேன். இவ்வளவு நாள் ஷெட்டின் முன் பாதிக்குத்தான் பேத்தியின் பெயரில் இடம் இருந்தது. இனிப் பின் பாதியும் கொள்ளும்.

மகன் ஆலையிலிருந்து வந்ததும் சொன்னேன். அவன் செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"முழு ஷெட்டுக்குமே வரி இல்லீங்களா?"

"இல்ல. ஆனா சான்று இருக்கோணும். அவளுக்குப் பதினெட்டு முடியற வரைக்கும். பதினெட்டுக்குப் பொறவு சான்றே தேவையில்ல, அவ கணக்கு அவளுக்கு."

"மே மாசம் ஆபரேசன் வெச்சிருக்குதுங்களே."

அவனே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். ஆயிரம் கட்சிக்காரர்களிடம் பழகிய வித்தை அது.

"ரெண்டு வருசந்தானுங்களே," என்றான் கடைசியில். "பதினெட்டு ஆனதும் மறு மாசமே பண்ணிப்போடலாம்."

சமையலறை வாசலில் மருமகள் நின்றிருந்தாள். கையில் கரண்டி. அவள் குரல் அந்த வீட்டில் உயர்ந்தது அன்றுதான்.

"மாமா, எம் புள்ள கைய வாடகைக்கு உட்டிருக்கீங்க. ஷெட்ட இல்ல."

"வாய அடக்கிப் பேசு," என்றான் மகன்.

"நீங்க பேசாதீங்க. உங்களுக்கு அப்பா சொன்னாத்தான் பொழுதே விடியும். மாமா, ஒன்னே ஒன்னு கேக்கறனுங்க. உங்க பொண்ணுக்கு இப்படி ஆயிருந்தா பண்ணியிருப்பீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. படித்தவனுக்கு வரும் கோபம், குரல் உயராது. "எம் பொண்ண நான் கொதிக்கிற கஞ்சிக்கிட்ட அனுப்பியிருக்க மாட்டேன் அம்மிணி," என்றேன். "சாப்பாட்டு வண்டியில ஏத்தி அனுப்புனது யாரு?"

அவள் கரண்டியை மேடை மேல் வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள். பதினோரு வருடமாக அவள் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அதுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். அதன் பிறகு அவள் அந்த அறுவை சிகிச்சையைப் பற்றி வாய் திறக்கவில்லை. மறுநாள் மகன் என் எதிரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுத் தேதியை ரத்து செய்தான். காரணம் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. "ஊட்ல ஒரு விசேசமுங்க," என்றான். ஏப்ரலில் ஷெட்டின் பின் பாதியையும் பேத்தி பெயருக்கு எழுதினோம்.

பேத்தி மேசையில் இடது கையால் வேகமாக எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். தேர்வில் சொல்வதை எழுத ஆள் தருகிறோம் என்றதை வேண்டாம் என்று சொல்லிவிட்டவள். நிமிராமலே கேட்டாள்.

"பதினெட்டு ஆச்சுன்னா கைய நீட்டிக்கலாமுங்களா அப்பாரு? சட்டத்துல எடம் இருக்குதுங்களா?"

"போடி, வாயாடி," என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த வருடம் ஒரு கல்யாணத்தில் அந்த ரிக் முதலாளியைப் பார்த்தேன். அவரும் கிழமாகியிருந்தார். சாப்பாட்டுப் பந்தியில் எங்களுக்கு எதிர் வரிசை. பேத்தி பரிமாறுபவரிடம் ஸ்பூன் கேட்டாள். இடது கையால் இலையில் சாப்பிட்டால் நாலு பேர் பார்ப்பார்கள். வலது கையால் பிசைய முடியாது. ரிக் முதலாளி அவள் கையைப் பார்த்தார், விசாரித்தார். மகன் பெருமையாக ஷெட் விஷயத்தையும் சொன்னான். அவர் சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டுப் பந்தி முழுக்கக் கேட்கும்படி சிரித்தார்.

"ஆடிட்டரே! நான் அன்னைக்கு வெளையாட்டுக்குச் சொன்னனுங்க. நீங்க செஞ்சே காட்டிட்டீங்களே!"

மகனும் சிரித்தான். அவனுக்கு அந்தப் பழைய கதை தெரியாது. பெரியவர் சிரித்தார் என்று சிரித்தான். பேத்தி ஸ்பூனை இலையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அன்னைக்கு அவரு என்னங்க சொன்னாரு அப்பாரு?" என்றாள்.

"ஒன்னுமில்ல. பாயசம் வருது, வாங்கிக்க."

அவள் விடவில்லை. எழுந்து போய் அவரிடமே கேட்டாள். அவர் சொல்லிவிட்டார். நான் சொன்ன பதிலையும் சேர்த்து, முப்பத்தொன்பதையும் விடாமல்.

பதினெட்டு முடிந்த மறு மாதம் சொன்னபடி கோயம்புத்தூர் போனோம். சொன்னபடி செய்தோம் என்று எனக்குள் ஒரு திருப்தி கூட இருந்தது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். கம்ப்யூட்டரில் பழைய பதிவையும் பார்த்தார்.

"மே மாசம் தேதி கொடுத்திருக்கேன். நீங்கதான் வேண்டாம்னு சொல்லியிருக்கீங்க."

மறுபடி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இப்ப மூட்டெல்லாம் ஒன்னோட ஒன்னு சேர்ந்து இறுகிடுச்சு. தோலை எடுத்து விடலாம், விரல் திறக்காது. சுத்தமா வெச்சுக்கிற மாதிரி கொஞ்சம் தளர்த்தித் தர்றேன். அவ்வளவுதான்." பிறகு கணினியிலிருந்து முகத்தைத் திருப்பி, என் மருமகளைப் பார்த்து, "எதுக்கும்மா தள்ளிப் போட்டீங்க?" என்றார்.

தப்பு செய்தவர்கள் இரண்டு பேர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவர் கேட்டது நின்றுகொண்டிருந்தவளை. மருமகள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "எங்க தப்புத்தானுங்க," என்றாள்.

இப்போது மகனின் கணக்கைப் பார்ப்பது ஒரு இளம் ஆடிட்டர். முறையாகப் படித்துத் தேறிய பையன். பேத்தியின் கோப்பை ஒப்படைக்கப் போனபோது பேச்சுவாக்கில் எல்லாவற்றையும் சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. அவர் புரியாமல் என்னைப் பார்த்தார்.

"சார், சான்றுல என்ன தேதி போட்டிருக்குதோ அதுவரைக்கும் செல்லுமுங்களே. புதுப்பிச்ச மறுநாளே ஆபரேஷன் பண்ணியிருந்தாலும் அஞ்சு வருஷத்துக்கு யாரும் கேட்டிருக்க முடியாதுங்களே."

சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. அந்தப் பகுதியை நான் பலமுறை படித்திருக்கிறேன். கட்சிக்காரர்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். அதிகாரி ஒருவேளை கூப்பிட்டால், ஒருவேளை கையைக் காட்டச் சொன்னால் என்ற பயத்தில், எழுதியிருப்பதைவிட ஒரு படி கூடுதல் எச்சரிக்கையாக இருந்தேன். அத்தனை வருடத்தில் அந்தக் கணக்கைப் பற்றி ஒரு அதிகாரியும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இரண்டாம் முறை சான்று புதுப்பித்துவிட்டுத்தான் மே மாதத் தேதியை ரத்து செய்தோம். பேராசைக்காரனாக மட்டும் இருந்திருந்தால் கூட அவள் கை பிழைத்திருக்கும். வாடகையும் வந்திருக்கும், கையும் வந்திருக்கும். அவர் முன்னால் உட்கார்ந்து, "ஆமாங்க, செல்லும்," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

பதினெட்டு ஆனதும் வங்கியில் பேத்தியின் கணக்கு அவள் கைக்குப் போனது. அப்பன் கையெழுத்து இனிச் செல்லாது. மாதிரிக் கையெழுத்தை இடது கையால் போட்டாள்; அச்சடித்தது போல இருந்தது. ஷெட் வாடகை அவளுக்கு வந்தது. முதல் மாதம் மகன் அதைப் பொருட்படுத்தவில்லை. இரண்டாம் மாதம் கேட்டான், "அனுப்பறனுங்கப்பா," என்று சொல்லி அவள் அனுப்பவில்லை. மூன்றாம் மாதம் அவன் என்னிடம் வந்தான். ஷெட்டை அவள் திருப்பி எழுதித் தர வேண்டும், பத்திரத்தை நீங்களே தயார் பண்ணுங்கள் என்றான். நான் தயார் பண்ணினேன். இவ்வளவுக்குப் பிறகும் செய்தேன். எழுதும்போது வாசகங்கள் எப்போதும் போல் தடையில்லாமல் வந்தன: என் தந்தையின் பேரிலுள்ள அன்பினாலும் பாசத்தினாலும் யாருடைய வற்புறுத்தலும் இன்றி.

அவள் கோயம்புத்தூர் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாள். கூடத்தில் உட்கார்ந்து முழுவதும் படித்தாள். மகன் பேனாவின் மூடியைக் கழற்றி அவள் முன்னால் வைத்தான்.

"போடறனுங்கப்பா," என்றாள். "எதுக்குப் போடாம இருக்கறேன். ஆனா வலது கையிலதான் போடுவேன்."

"வெளையாடாத கண்ணு."

"வெளையாடலீங்க. உண்மையான கையெழுத்து வேணும்னா அந்தக் கையிலதானுங்க போடோணும். அது என்னைக்குப் பேனா புடிக்குதோ, அன்னைக்குப் பத்திரத்த எடுத்துட்டு வாங்க."

மகன் என்னைப் பார்த்தான், ஏதாவது சொல்லுங்கள் என்பது போல. மருமகள் துவைத்த துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். அவள் உதட்டோரத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. பத்திரம் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. மகன் இப்போது என்னிடம் அதிகம் பேசுவதில்லை. ஷெட் போனது என்னால்தான் என்று சொல்லித் திரிகிறான். கையைப் பற்றி அவன் ஒன்றும் சொல்வதில்லை.

தளர்த்திய இடத்தில் தோல் வறண்டு வெடிக்கிறது. எண்ணெய் தடவச் சொல்லியிருக்கிறார் டாக்டர். போன விடுமுறையில் மருமகள் தன் ஊருக்குப் போயிருந்தாள். வீட்டில் நானும் பேத்தியும்தான். நான் தடவிவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்து, கையை என் மடியில் வைத்தாள். கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்தது போல, மூடியபடி. தேங்காய் எண்ணெயை என் உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டேன். அவள் அம்மா செய்ததைப் பார்த்திருக்கிறேனே தவிர, நான் அந்தக் கையைத் தொட்டு ஒரு விரலையும் நீட்டிப் பார்த்ததில்லை. சுட்டுவிரலைப் பிடித்து மெல்ல இழுத்தேன். மரக்கொம்பு போல இருந்தது, அசையவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். அவள் முகம் சுருங்கியது போலத் தெரிந்தது.

"வலிக்குதா சாமி?" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"என்னன்னு சொல்லோணுமுங்க அப்பாரு?"